ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் ஓய்வுப் பணம்: இணைய மோசடிக்கு எதிராக என்னென்ன ஏற்பாடு செய்யலாம்?

தேன்மொழி_மன்னை

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். எனக்குப் புனேயில் வேலை. அப்பா மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடை, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்ட பணம்) எல்லாம் ஒரே வங்கியில் கிடக்கிறது, பாதி சேமிப்புக் கணக்கில், மீதி எஃப்டியில் (நிலை வைப்பில்). மளிகைக்கடைக்கும் பால்காரருக்கும் ஜிபே போடுவதும் அதே கணக்கிலிருந்துதான்.

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவை வீடியோ காலில் போலீஸ் மாதிரி வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம் என்று சொல்லி மிரட்டி, சேமிப்பு மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். கணக்கு ஆசிரியையாக இருந்தவர், நல்ல விவரமானவர். அப்பாவிடம் சொன்னால் "நான் அப்படி ஏமாற மாட்டேம்மா" என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஓடிபி சொல்லாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் உருப்படியாக என்ன செய்து வைக்கலாம்?

காசாளர்_பாளை

தேன்மொழி, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணத்தைப் பறிகொடுத்துவிட்டுக் கிளைக்கு வந்து நின்றவர்களில் ஆடிட்டர் உண்டு, டாக்டர் உண்டு, பொறியாளர் உண்டு. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பு முடியாத நாளில், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில், ஏற்கெனவே ஏதோ கவலையில் இருக்கும்போது அந்த அழைப்பு வந்தால் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள். அதனால் அப்பாவுடைய புத்திசாலித்தனத்தை நம்பி எதையும் விட்டுவைக்காதீர்கள். அவர் ஏமாந்தே போனாலும் அந்த நேரத்தில் பெரிய தொகை வெளியே போக வழியில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடு அதுதான்.

முதல் வேலை, யுபிஐயைப் பெரிய பணத்திலிருந்து பிரிப்பது. வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கு வேண்டிய பத்துப் பதினைந்தாயிரத்தை மட்டும் அதில் வையுங்கள். ஜிபே, போன்பே எல்லாம் அந்தக் கணக்கோடு மட்டும் இருக்கட்டும். பென்ஷன் வரும் கணக்கிலிருந்து யுபிஐயை எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கின் டெபிட் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் அணைத்துவிடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து இந்த வசதியை வங்கிகள் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு கணக்குக்கும் ஒரே மொபைல் எண் என்றால், பிரித்ததில் பாதிப் பயன்தான். யுபிஐ செயலி அந்த எண்ணில் என்னென்ன கணக்கு இருக்கிறது என்று தேடிப் பிடித்துக்கொள்ளும். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதித் தேதியும் ஓடிபியும் கிடைத்தால் புதிதாகப் பின் போட்டுவிடலாம். எனவே பென்ஷன் கணக்குக்குத் தனி சிம் வாங்கி, அதைச் சாதாரண பட்டன் போனில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். மெசேஜைத் திருடும் செயலி எதுவும் அந்தப் போனில் ஓடாது. ரீசார்ஜை மட்டும் மறக்காதீர்கள். சிம் செத்துப்போனால் கொஞ்ச நாளில் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எஃப்டி பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதுதான் முக்கியம்.

இரா_கோவை

இவ்வளவு சுற்று எதற்கு? ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துக்கொண்டு பட்டன் போனை மட்டும் கொடுங்கள். அப்பா கவுண்டரில் போய்ப் பணம் எடுக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், பிரச்சினையே இல்லை.

மதுரை_சரோஜா

தம்பி கோவை, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலியோடு வங்கி வரிசையில் நிற்க வேண்டாம் என்ற நிம்மதியை இந்தப் போன்தான் கொடுத்தது. பேத்தியின் முகத்தைத் தினமும் பார்ப்பது இதில்தான். கேஸ் புக் செய்வது, மின்கட்டணம் கட்டுவது, ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுவது எல்லாம் யாரிடமும் கெஞ்சாமல் நானே செய்கிறேன். பயத்தில் எங்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டால், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேன்மொழி கண்ணு, அப்பாவிடம் "உங்களுக்குத் தெரியாது" என்கிற தொனியில் பேசாதே. உட்கார வைத்து, அவர் கையாலேயே ஒவ்வொன்றையும் மாற்ற வை. அப்போதுதான் நாளைக்கு ஏதாவது நடந்தாலும் உன்னிடம் மறைக்காமல் சொல்வார். பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்தே பாதிப் பேர் வெளியில் சொல்வதில்லை. நேரம் போவது அதில்தான்.

இரா_கோவை

அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. காசாளர் ஐயா சொன்ன இரண்டு போன் ஏற்பாட்டில் பாதுகாப்பு, வசதி இரண்டுமே அடங்கிவிடுகிறது என்று இப்போது தோன்றுகிறது. ஊரில் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன்.

செல்போன்_உறையூர்

திருச்சியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எங்களிடம் வரும் போன்களில் இப்போது பெரிய தொல்லை ஏபிகே கோப்புதான், அதாவது பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரே செயலியை ஏற்றும் கோப்பு. வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை" என்று வரும், "ஆர்டிஓ சலான்" என்று வரும், வங்கியின் பெயரில் "கேஒய்சி அப்டேட்" என்று வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். தொட்டு இன்ஸ்டால் செய்தவுடன் மெசேஜ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி எல்லாம் நேரே அவர்களிடம் போய்விடும். நீங்கள் யாரிடமும் சொல்லவே தேவையில்லை.

இதைத் தடுக்க அப்பா போனில் செட்டிங்ஸ் போய், 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்ற இடத்தில் வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சாம்சங் என்றால் 'ஆட்டோ பிளாக்கர்' என்று ஒன்று உண்டு, அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து எந்தச் செயலியும் உள்ளே வராது. எனிடெஸ்க், டீம்வியூவர், குயிக்சப்போர்ட் மாதிரித் திரையைப் பகிரும் செயலி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். எனிடெஸ்க் பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே வங்கிகளை எச்சரித்தது.

சிம்முக்குப் பின் போட்டு வையுங்கள். போன் தொலைந்தால் திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவான். திரைப்பூட்டு அதைத் தடுக்காது, சிம் பின் தடுக்கும். ஆனால் மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், அதனால் பின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்பா போன் எத்தனை வருடப் பழசு? 'செக்யூரிட்டி பேட்ச்' தேதி எதைக் காட்டுகிறது?

தேன்மொழி_மன்னை

அண்ணா, வீடியோ காலில் பார்க்கச் சொன்னேன். 2021 ஜூன் என்று காட்டுகிறது. புதிது வாங்கலாமா? கடையில் 12 ஜிபி ராம், 108 மெகாபிக்சல் என்று ஏதேதோ சொல்கிறார்கள்.

செல்போன்_உறையூர்

வாங்கிவிடுங்கள். வங்கிச் செயலி வைத்திருக்கும் போன் அத்தனை வருடம் அப்டேட் இல்லாமல் இருக்கக் கூடாது. அப்பாவுக்கு ராமும் மெகாபிக்சலும் வேண்டாம். "இந்த மாடலுக்கு எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் வரும்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஒரே விலையில் இரண்டு வருடம் தரும் போனும் இருக்கிறது, ஆறு வருடம் தரும் போனும் இருக்கிறது. சாம்சங் ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். KYM என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்பினால் பிளாக் ஆன போனா என்று தெரிந்துவிடும்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் வாட்ஸ்அப், ஜிமெயில், வங்கிச் செயலி எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டு ரீசெட் செய்யுங்கள். அப்படியே புதுப் போனில் வாட்ஸ்அப்புக்கு 'டூ ஸ்டெப்' பின் போட்டுவிடுங்கள்.

வழக்குரைஞர்_சேலம்

டிஜிட்டல் அரெஸ்ட் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன்.

சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 43ஆம் பிரிவின்படி, கைது செய்கிற அதிகாரி அந்த நபரின் உடலைத் தொட வேண்டும் அல்லது அடைத்து வைக்க வேண்டும், அல்லது அவரே சொல்லாலோ செயலாலோ தன்னை ஒப்படைக்க வேண்டும். வீடியோ காலில் கைது என்பது கற்பனை. விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று உத்தரவும் போட்டது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார்.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் மாட்டுகிறார்கள்? அவர்கள் பேச்சு எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதலில் ஒரு பதிவுக்குரல்: "உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9ஐ அழுத்தவும்." அப்புறம் கூரியர் அலுவலகம் என்று ஒருவர், உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது என்பார். அடுத்து மும்பை போலீஸ் சீருடையில் ஒருவர், பின்னால் காவல் நிலையம் மாதிரி அலங்காரம். உச்ச நீதிமன்ற முத்திரையோடு பிடிஎஃப் வரும். "தேசிய ரகசியம், மனைவியிடம்கூடச் சொன்னால் அவரும் குற்றவாளி" என்பார்கள். கேமராவை அணைக்க விட மாட்டார்கள், தூங்க விட மாட்டார்கள். கடைசியில் "பணம் சுத்தமானதா என்று பரிசோதிக்க ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருவோம்." நேர்மையாக வாழ்ந்தவர்கள்தான் இதில் அதிகம் கலங்கிப்போகிறார்கள். தன்மேல் கறை இல்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற தவிப்பில் அவர்களே வங்கிக்குப் போய் ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை உடனே அனுப்பும் முறை) படிவம் எழுதுகிறார்கள்.

அதனால் அப்பாவிடம் சட்டப் பிரிவெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன், அந்த இடத்திலேயே போனை வைத்துவிட்டு எனக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். நிஜமான எந்த அதிகாரியும் வழக்கறிஞரிடம் பேசாதே, வீட்டில் சொல்லாதே என்று தடுக்க முடியாது.

சலீம்_ராம்நாடு

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜெண்டிடம் பணம் கட்டிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு மோசடி வேலை செய்ய அடிவாங்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை 2022இல் மீட்டுக் கொண்டு வந்தார்கள். கம்போடியாவிலும் இதே கதைதான். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் போகாதீர்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு வேலை தேடும் பையன் வீட்டில் இருந்தால் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

காசாளர்_பாளை

எஃப்டிக்கு வருகிறேன். டிஜிட்டல் அரெஸ்டில் போகும் பெரிய தொகை பெரும்பாலும் எஃப்டியை முறித்து எடுத்ததுதான். நெட் பேங்கிங் இருந்தால் சில தட்டலில் எஃப்டி சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். வந்தவுடன் வெளியே போய்விடும்.

பொங்கல் முடிந்து வங்கி திறந்த நாளில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். எஃப்டியைக் கூட்டுப் பெயரில் மாற்றி, 'இருவர் கையெழுத்தும் சேர்ந்தால் மட்டும்' என்ற முறையில் வைக்கலாம். முறிப்பதற்கு இருவரும் நேரில் வர வேண்டும் என்றாலே அந்த மிரட்டல் பாதியில் உடைந்துவிடும். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் இது சங்கடம் என்பதும் உண்மை, அதனால் மருத்துவச் செலவுக்கு ஒரு சிறிய எஃப்டியைத் தனியே சாதாரண முறையில் விடுங்கள். நெட் பேங்கிங்கைப் பார்க்க மட்டும் என்று குறைக்கும் வசதி பல வங்கிகளில் உண்டு, எழுதிக் கொடுத்தால் செய்வார்கள். நாமினியும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

கிளை மேனேஜரிடம் அப்பாவை நேரில் அறிமுகம் செய்து வையுங்கள். பதற்றத்தோடு வந்து பெரிய தொகையை முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பக் கேட்ட முதியவரை கவுண்டரில் இருந்தவர்களே தடுத்துக் காப்பாற்றிய சம்பவங்கள் நிறைய உண்டு. முகம் தெரிந்தால்தான் அந்தப் பதற்றமும் தெரியும்.

வங்கியிலிருந்து நிஜமான அழைப்பு 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும், விளம்பர அழைப்பு 140இல் வரும். வங்கிகளின் இணையதள முகவரியும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாறியிருக்கிறது, 2025 அக்டோபர் 31 வரை ரிசர்வ் வங்கி கெடு கொடுத்திருந்தது. கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடவே வேண்டாம். கார்டின் பின்புறம் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது.

கவிதா_ஓசூர்

பணம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் நாத்தனாருக்குப் பகுதிநேர வேலை மோசடி. ஓட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று டெலிகிராமில் வந்தது. முதலில் 150 ரூபாய், பிறகு 800 உண்மையாகவே கணக்கில் வந்தது. அந்த நம்பிக்கையில் 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று கட்டச் சொன்னதைக் கட்டிவிட்டார்.

அன்று உடனே சைபர் மோசடிப் புகார் உதவி எண்ணான 1930க்கு அழைத்ததால் ஒரு பகுதி அடுத்த கணக்கில் நிறுத்தப்பட்டது. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கணக்கு எண், போன தொகை, தேதி நேரம், பரிவர்த்தனையின் யுடிஆர் எண் (வங்கி மெசேஜில் வரும் குறிப்பு எண்), பணம் போன யுபிஐ ஐடி அல்லது கணக்கு எண். லைன் கிடைக்காவிட்டால் விடாமல் முயலுங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியட்டும். வங்கிக்கும் தனியாகச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அந்தப் பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. பிரித்துப் பிரித்து அடுத்தடுத்த கணக்குக்குப் போய் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். அதனால்தான் முதல் மணி நேரம் ரொம்ப முக்கியம்.

சாட், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் நாத்தனார் எல்லாவற்றையும் அழிக்கப் போனார், நாங்கள் தடுத்தோம்.

அப்புறம், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று சைபர் செல் பெயரிலேயே அழைப்பு வரும். ஏமாந்தவர்களின் பட்டியலை அவர்களுக்குள் விற்றுக்கொள்கிறார்கள். நாத்தனாருக்கு அதுவும் வந்தது.

காசாளர்_பாளை

கவிதா சொன்னதோடு ஒன்று. ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் இடையில் எங்கோ நடந்த மோசடி என்றால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. நீங்களே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லும் வரை போனது உங்கள் இழப்பு, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எனவே எந்த நிலையிலும் சீக்கிரம் சொல்வதுதான் உங்களைக் காக்கும். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

பலகாரக்கடை_காரைக்குடி

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாரோ ஒருவர் கடையில் முறுக்கும் அதிரசமும் வாங்கி க்யூஆரில் 1,200 ரூபாய் போட்டார். அது மோசடிப் பணமாம். எங்கோ வடமாநிலத்தில் பதிவான புகாரில் என் மொத்தக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். தீபாவளி நேரம், சரக்கு வாங்கக் காசில்லை. வங்கியில் கேட்டால் போலீஸைக் கேள் என்றார்கள், போலீஸ் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். திருடனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலை செய்து பிழைக்கிறவன் அலைகிறான். இது நியாயமா?

வழக்குரைஞர்_சேலம்

நியாயமில்லை, ஐயா. சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவோ அதை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. வங்கியிடம் புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலில் விற்பனை பில், ஜிஎஸ்டி அல்லது உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடை முகவரி எல்லாம் அனுப்பி, 1,200ஐ மட்டும் நிறுத்திவைக்கச் சம்மதம் என்று எழுதுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கடைக்காரர்கள் வரவுக்கு ஒரு கணக்கும், சரக்குக்கும் கடன் தவணைக்கும் வேறு வங்கியில் இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

நாமக்கல்_அக்கா

சார், அவசரம். என் தம்பி கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறான். சீனியர் ஒருவன் "உன் பேர்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்றானாம். இவன் போன வாரம் கொடுத்துவிட்டான். மேலே கவிதா எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கணக்கில் இப்போது நாற்பதாயிரத்துச் சொச்சம் இருக்கிறது, எங்கள் பணம் இல்லை. என்ன செய்வது?

வழக்குரைஞர்_சேலம்

அந்தப் பணத்தைத் தொடவே கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. மோசடி வழக்கில் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். குற்றவியல் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 318(4)இல் ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது. இன்னும் யாரும் தேடி வராத நிலையில் அவனே முன்வந்து சொல்வதுதான் அவனுக்கு நல்லது.

இன்றே தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். கடிதத்தில் சுருக்கமாக: கணக்கு எண், கார்டையும் சிம்மையும் எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தான், தற்போதைய இருப்பு தனக்குரியது அல்ல, கார்டையும் யுபிஐயையும் உடனே முடக்கிப் பற்று நிறுத்தம் (கணக்கிலிருந்து பணம் வெளியே போகாதபடி தடை) செய்யவும், இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளை முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். அடுத்து சிம் கடைக்குப் போய் அந்த எண்ணை முடக்குங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தம்பி பெயரில் வேறு எண்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அதன் பிறகு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடு மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் புகார். சீனியரோடு பேசிய சாட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவனுக்கு முன்கூட்டித் தெரியப்படுத்த வேண்டாம்.

நாமக்கல்_அக்கா

தம்பியை பஸ் ஏறச் சொல்லிவிட்டேன், மதியத்துக்குள் வந்துவிடுவான். வங்கி நாலு மணி வரைதான். பாஸ்புக் அந்தச் சீனியரிடமே இருக்கிறது, ஆதார் மட்டும் போதுமா?

காசாளர்_பாளை

போதும் அம்மா. ஒரிஜினல் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண் தெரியாவிட்டாலும் பெயரையும் பானையும் வைத்து அவர்களே எடுத்துவிடுவார்கள். இப்போதே வங்கியின் கட்டணமில்லா எண்ணுக்குத் தம்பியையே பேச வைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள், நேரில் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.